ஊர் மண்டபங்களும் பழைய நிழற்படங்களும்

காஞ்சி என்று கூறிய அளவிலே நம் உள்ளத்தில் தோன்றுவன கோபுரங்களும் பட்டாடைகளுமேயாம். வெளியூரிலிருந்து வரும் அன்பர்கள் ஏகாம்பரநாதர் கோயிலையும் வரதராசர் கோயிலையும் கண்டு, பட்டுச் சேலை ஒன்று வாங்கிக்கொண்டு, மாலையில் வண்டியேறி விடுகின்றனர். நகரின் வரலாற்றை எழுதிய அறிஞர் பலர் உளர். ஆயின், அந்நகரைச் சூழ்ந்து நின்று, நெல்லும் நூலும் ஆளும் தந்து அதனை வளர்த்த சிற்றூர்களின் வரலாற்றை நினைப்பவர் சிலரே. அச்சிற்றூர்களின் பொது மண்டபங்களைப் பற்றியும், அவற்றை நமக்குக் காட்டும் பழைய படங்களைப் பற்றியும் சில செய்திகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில நாட்டுச் சிற்றூர்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 1538ஆம் ஆண்டு முதல் அங்கே திருச்சபைதோறும் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் ஏட்டிற் பதியப்பெற்று வந்தன. 1897இல் சர் பெஞ்சமின் ஸ்டோன் என்பார் ஒரு கழகம் நிறுவி, நாட்டின் பழைய கட்டடங்களையும் ஊர் விழாக்களையும் நிழற்படமாக எடுத்துச் சேர்க்க முற்பட்டார். 1899இல் மாவட்டந்தோறும் ஊர் ஊராக வரலாறு எழுதும் பெரும்பணி தொடங்கிற்று. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போரில் மாண்ட இளைஞரின் நினைவாகப் பல ஊர்களில் பொது மன்றங்கள் எழுந்தன. அத்தகைய மன்றங்களின் சுவர்களிற் பழைய படங்கள் தொங்குவதும், அவற்றின் அடியில் இன்னார் இன்னார் என்று பெயர்கள் எழுதியிருப்பதும் பழகிய காட்சி.

இச்செய்திகளைப் படித்தபோது, நம் ஊர்களுக்கு இத்தகைய மன்றங்கள் இல்லையே என்று முதற்கண் ஏங்கினேன். அவ்வேக்கம் தவறானது என்பதைப் பின்னர் உணர்ந்தேன். மன்றங்கள் நம்மிடம் உள. அவை ஆங்கில நாட்டு மன்றங்களினும் பன்னூறு ஆண்டு பழையன. படங்களும் நம் வீட்டுப் பெட்டிகளில் உள. நம்மிடம் குறைந்துபோனது ஒன்றே. அது படத்தின் கீழ்ப் பெயரெழுதும் வழக்கம். இக்குறையை நான் நூலினின்று கற்கவில்லை. என் வீட்டிலேயே கற்றேன்.

ஆயா வைத்திருந்த படம்

என் பாட்டனார் வாலாஜாபாத்தை அடுத்த ஒரு சிற்றூரிற் பள்ளியாசிரியராயிருந்தவர். அவர் காலத்துப் படம் ஒன்றை என் ஆயா தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கல் மண்டபம் ஒன்றின் முன்னே முப்பத்தொரு பிள்ளைகள் மூன்று வரிசையாக இருக்கின்றனர். இருபுறமும் இரண்டு ஆசிரியர்கள் நிற்கின்றனர். அவருள் இடப்புறத்தவர் என் பாட்டனார். முன்வரிசைச் சிறுவன் கையிலுள்ள பலகையில் 1958 என்று எழுதியிருக்கிறது. பள்ளிக்குத் தனிக் கட்டடம் இல்லாத அந்நாளில் அம்மண்டபமே பள்ளியாக இருந்ததாம்.

ஒருநாள் ஆயா அப்படத்தை மடிமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்தையும் தொட்டுப் பெயர் கூறத் தொடங்கினார். இவன் குயவர் வீட்டுப் பிள்ளை, இவள் மழைநாளில் வரமாட்டாள், இவன் பின்னர்ப் பட்டாளத்திற் சேர்ந்தான் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் ஏதோ நினைவில், “நாளைக்கு எழுதிக்கொள்கிறேன், ஆயா” என்றேன். கல்லூரித் தேர்வு வந்தது. தேர்வு முடிந்து நான் வீடு திரும்பியபோது அவர் பேச்சிழந்து படுத்திருந்தார். இரண்டு வாரத்திற் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

எங்கள் குடும்ப வேதப்புத்தகத்தின் முதல் ஏட்டில் பிறப்பும் இறப்பும் நாள் தவறாமல் எழுதப்பட்டிருக்கும். அத்துணைக் கருத்துள்ள குடும்பத்திலேயே இப்படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. முப்பத்தொரு பெயர்களும் ஒரே உள்ளத்தில் இருந்தன. அவ்வுள்ளம் அடங்கியபோது அவையும் அடங்கின. அதன் பின்னரே இவ்வட்டாரத்து மண்டபங்களை நான் வேறு கண்ணோடு பார்க்கலானேன்.

பொதியில் என்னும் சொல்

ஊர்ப் பொது மன்றத்தைக் குறிக்கத் தமிழிற் சொற்பஞ்சம் இல்லை. மன்றம், அம்பலம், பொதியில், சாவடி என்பன அவற்றுட் சில. இவற்றுட் பொதியில் என்பது பொது இல், அஃதாவது ஊர்க்கெல்லாம் பொதுவான வீடு எனப் பொருள்படும். பட்டினப்பாலையில் இப்பொதியில் ஒரு காட்சியாக வருகின்றது. மாலையில் அங்கே விளக்கேற்றுகின்றனர். மெழுகிய தரையில் மலர் கிடக்கின்றது. பலர் வந்து தொழுகின்றனர். வழிப்போக்கரும் அங்கே தங்குகின்றனர். ஒரே கூரையின்கீழ் வழிபாடும் விருந்தும் நடைபெற்றமை இதனால் விளங்கும். ஆங்கிலேயர் ஊர் மன்றம் என்று வழங்குவதற்கு இதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் வேண்டுமோ?

கூரத்து மண்டபம்

காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரம், கூரத்தாழ்வார் பிறந்த ஊர் என்று வைணவர் போற்றும் பெருமையுடையது. வரலாறு கற்போர்க்கு அவ்வூர் வேறொரு வகையானும் சிறந்தது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் செப்பேடுகள் அவ்வூரைப் பற்றியனவே. அவற்றை ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதல் மடலிற் பதிப்பித்தார்.

அரசன் கூரத்திற் சிவன்கோயில் ஒன்று எடுப்பித்து, ஏரியொன்று அமைத்து, பாலாற்றினின்று கால்வழியாக அதற்கு நீர் கொணரச் செய்தான் என்பது அச்செப்பேட்டுச் செய்தி. ஊர் நிலத்தைப் பங்குகளாக வகுத்தபோது, கோயில் வழிபாட்டிற்கும் பழுது பார்ப்பதற்கும் பங்குகள் விடப்பெற்றன. மண்டபத்திற்குத் தண்ணீரும் தீயும் வழங்க ஒரு பங்கு. அம்மண்டபத்தில் இருந்து பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு.

வழிப்போக்கனுக்குத் தண்ணீர், குளிர்க்குத் தீ, மாலையில் கேட்கப் பாரதக் கதை ஆகிய மூன்றும் ஒரு சிற்றூர் மண்டபத்தில் தடையின்றி நடைபெற வேண்டுமென்று 1,300 ஆண்டுகளுக்கு முன்பே நிலம் ஒதுக்கப்பட்டது. எழுத்தறியாத உழவனும் அங்கிருந்து கதை கேட்டிருத்தல் கூடும். இன்று நம் ஊர்களில் நூல் நிலையத்திற்கு ஒதுக்கும் பணத்தை நினைக்கும்போதெல்லாம் கூரத்து மண்டபம் என் நினைவுக்கு வருகின்றது.

உத்திரமேரூர்ச் சபை மண்டபம்

காஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ளது உத்திரமேரூர். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் எட்டாம் நூற்றாண்டில் அந்தணர்க்கு உரிய சதுர்வேதி மங்கலமாக இதனை ஏற்படுத்தினான் என்பர். இங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் என வழங்கும் இடத்திலேதான் ஊர்ச்சபை கூடிய மண்டபம் உளது. அதன் சுவர்கள் முழுதும் எழுத்துகள். அவற்றுள் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற இரண்டு கல்வெட்டுகள் புகழ் வாய்ந்தன. இவை 1898இற் படியெடுக்கப்பெற்றன. பின்னர் வெங்கையாவும், நீலகண்ட சாத்திரியாரும் இவற்றை ஆராய்ந்து விளக்கினர்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய வட்டம் போன்றது எனக் கொள்ளலாம். வாரியத்திற் பணிபுரியத் தகுதியுடையார் யார் என்பதைக் கல்வெட்டு வரையறுத்துக் கூறுகின்றது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையராதல் வேண்டும். தம் மனையிலே வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். 35 அகவைக்கு மேலும் 70க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். கல்வி மிக்கார்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வருதல் கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்படுவர். அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்படுவர்.

919இல் எழுதிய விதியில் அகவை எல்லை 30 முதல் 60 வரை என்றிருந்தது. ஈராண்டு கழித்து அதனை 35 முதல் 70 வரை என மாற்றிக்கொண்டனர். விதியை நடைமுறையில் ஆராய்ந்து குறைகண்டவிடத்துத் திருத்தும் பண்பு அச்சபையார்க்கு இருந்தது என்று இதனால் அறிகின்றோம்.

தேர்தல் நடைபெற்ற முறை கண்முன் நிகழ்வது போன்றே எழுதப்பட்டுள்ளது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் தோன்றும் வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோருமாகச் சபை முழுதும் மண்டபத்தில் கூடியிருக்கும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் தவறாமல் வந்திருப்பர். அவருள் முதியவர் எழுந்து நின்று, எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். மறைத்து மாற்றுதற்கு இடமின்றி எத்துணை நுட்பமாக வகுத்தனர், காண்மின்! ஓலையிலுள்ள பெயரை அவன் உரக்கப் படித்தபின், அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனைப் படிப்பர். இவ்வாறு முப்பது குடும்பிலும் முப்பதின்மர் தெரிந்தெடுக்கப்படுவர். அவருட் பன்னிருவர் ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியராவர். 360 நாள் கழிந்ததும் ஓய்வு பெறுவர். இடையிற் குற்றம் செய்தவர் அப்பொழுதே நீக்கப்படுவர்.

குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கம் சோழர் காலத்திற்கும் முற்பட்டது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் அது உவமையாக வந்துள்ளமை தமிழ் பயில்வார் அறிந்ததே.

இச்சபையைப் புகழும்போது ஓர் உண்மையை மறைத்தல் தகாது. இஃது அந்தணர் ஊரின் சபை. மகளிர்க்கும், நிலமில்லார்க்கும், அவ்வூரின் வயலில் உழைத்த மக்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. 1992ஆம் ஆண்டு நிறைவேறிய 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னரே, வாக்குரிமையுடைய அனைவரும் அமரும் கிராம சபை சட்டத்தால் உறுதி பெற்றது. நம் மாநில உள்ளாட்சி இடங்களிற் பாதி மகளிர்க்கு உரியவை என 2016இல் சட்டம் செய்யப்பட்டது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் நம் சிற்றூர்களிற் கூடும் கிராம சபையில், பழைய குடத்தின் வாய் அகன்றிருப்பதைக் காணலாம். கணக்குக் காட்டாதவரை விலக்கும் பழைய விதியை நாம் எத்துணை அளவு காத்துள்ளோம் என்பதைக் கற்றோர் சிந்திப்பாராக.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் இறுதியை நான் மறக்கவியலாது. சபையார் பணிக்க இதனை எழுதியவன் இன்னான் என்று அங்கே பெயர் உளது. காடாடிப் போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் என்பது அப்பெயர். அவன் மன்னனல்லன், படைத்தலைவனல்லன், ஊர்ச்சபையின் மத்தியஸ்தன். ஆயினும் 1,100 ஆண்டு கழிந்தபின் அவன் பெயரை நாம் படிக்கின்றோம். 1958இல் எடுத்த படத்திலுள்ள பிள்ளைகளின் பெயரோ அவர்தம் ஆசிரியரின் பேரனுக்கே தெரியவில்லை.

நீரடியில் ஒரு மண்டபம்

காஞ்சிக்குத் தெற்கே அய்யங்கார்குளம் என்னும் ஊர் உளது. விசயநகர வேந்தர் காலத்தில் வாழ்ந்த இலட்சுமி குமார தாதாசாரியாரோடு தொடர்புடைய ஊர் இது. இங்குள்ள நடவாவிக் கிணறு வியத்தற்குரியது. படிகள் வழியே நடந்து இறங்கினால் நிலத்தின் அடியில் தூண்களோடு கூடிய கல் மண்டபம் தோன்றும். ஆண்டின் பெரும்பகுதி அது நீருள் மூழ்கியிருக்கும். சித்திரைப் பௌர்ணமிக்கு முன்னர் நீரை இறைத்து மண்டபத்தைத் துலக்குவர்; அன்று காஞ்சி வரதராசர் அங்கு எழுந்தருள்வார். சுற்றூர் மக்கள் திரண்டு வருவர். ஒரு மண்டபம் உயிரோடிருப்பதற்கு அதனைக் காண வரும் மக்களே காரணம் என்பதை இவ்விழா நமக்கு உணர்த்துகின்றது.

புள்ளலூரின் இரண்டு தூண்கள்

காஞ்சிக்கு வடபாலுள்ள புள்ளலூர் போர்க்களமாகப் பெயர் பெற்றது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரை இங்கே வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறும். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஐதரலியும் திப்புவும் பெய்லி என்பான் தலைமையில் வந்த கும்பெனிப் படையை இவ்விடத்தில் முறியடித்தனர். மறு ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் மீண்டும் இங்கே போர் மூண்டது. அப்போரில் மாண்ட ஜார்ஜ் பிரௌன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்னும் இரண்டு ஆங்கில அதிகாரிகளின் நினைவாக எழுப்பிய இரண்டு கூர்ந்தூண்கள் ஊரில் உள.

அதிகாரிகள் இருவர்க்கும் கல் உண்டு, பெயர் உண்டு. அவர்களோடு வீழ்ந்த சிப்பாய்களுக்கோ எதிர்ப்படையில் வீழ்ந்த வீரர்க்கோ அங்கே பெயர் எழுதிய கல் இல்லை. கும்பெனிப் படையிலும் பெரும்பாலார் நம் நாட்டினரே. அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். அவரவர் ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் இருந்தனர். எழுதப்படாத பெயர் எவ்வாறு மறைகின்றது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

சிற்பத்தின் கீழ் எழுத்து

இனி, உருவம் மட்டும் நின்று எழுத்து இல்லாதவழி நேரும் இடர்ப்பாட்டைக் காண்போம். உத்திரமேரூரில் உள்ளது போன்றே காஞ்சி நகரிலும் ஒரு வைகுந்தப் பெருமாள் கோயில் உண்டு. அது இரண்டாம் நந்திவர்மன் காலத்தது. அதன் திருச்சுற்று மாளிகைச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பத்தில் வடிக்கப்பட்டுள்ளது. நிழற்படம் தோன்றுவதற்கு 1,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லால் அமைத்த படத்தொகுதி என்று அதனைக் கூறலாம்.

இரண்டாம் பரமேசுவரவர்மன் மகப்பேறின்றி மாண்டான். அரசின்றி நாடு தளர்ந்தபோது, பெரியோர் தேடிச் சென்று, பல்லவர் கிளையொன்றிற் பிறந்த பன்னிரண்டாண்டுச் சிறுவனை அழைத்து வந்து முடி சூட்டினர். அவனே நந்திவர்மன். இக்கதையை நாம் அறிவது எவ்வாறு? சிற்பங்கள் சிலவற்றின் கீழே இன்ன நிகழ்ச்சி என்று எழுதி வைத்தமையால் அறிகின்றோம். எழுத்தில்லாத பிற சிற்பங்களைப் பார்த்து, இவர் எந்த மன்னர், இஃது எந்தப் போர் என்று அறிஞர் இன்றும் உய்த்துணர வேண்டியிருக்கிறது.

இச்சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர் கடாம்பி மீனாட்சி அம்மையார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி இவரே. பட்டம் பெற்றது 1936இல். 1905இற் பிறந்து 1940இல், இளமையிலேயே இவர் மறைந்தார். இச்சிற்பங்களைப் பற்றி இவர் எழுதிய நூலை, சிற்பங்களின் படங்களோடு, தொல்பொருள் துறையினர் மறு ஆண்டில் வெளியிட்டனர். மணற்கல் ஆண்டுதோறும் மழையிலும் காற்றிலும் தேய்கின்றது. ஆகலின் இந்நூலிலுள்ள படங்களின் மதிப்பும் ஆண்டுதோறும் உயர்கின்றது.

நிழற்படம் நம் நாட்டிற்கு வந்த கதை

சென்னையிற் கலைப்பள்ளி தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் முயற்சியால் 1856இல் அங்கே நிழற்படக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே லின்னேயஸ் டிரைப் என்னும் படையதிகாரி சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக நியமிக்கப்பெற்றார். அவர் 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய இடங்களின் படங்களைத் தொகுதிகளாக வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை அவர் எடுத்த முறை நினைவிற் கொள்ளத்தக்கது. 21 படங்களைத் தனித்தனியே எடுத்து, அவற்றை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். ஆயினும் செலவு மிகுதி என்று கருதி 1860இல் அரசாங்கம் அப்பணியை நிறுத்திவிட்டது.

பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பார் பல்லவர் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய பெரு நூல் 1909இல் வெளிவந்தது. காஞ்சிக் கோயில்களின் படங்களும் வரைவுகளும் அதில் உள. 1956 முதல் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் முறையாகப் படமெடுத்து, ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட படங்களைத் தொகுத்தனர். பிரான்சுவா குரோ, நாகசாமி ஆகிய இருவரும் எழுதிய உத்திரமேரூர் நூலையும் அந்நிறுவனமே 1970இல் வெளியிட்டது.

கல்வெட்டறிஞர் எடுக்கும் மைப்படியும் ஒருவகைப் படமே. கல்லை நன்கு கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தாள் எழுத்தின் பள்ளத்திற் படியுமாறு தூரிகையால் அடிப்பர். பின்பு மேலே மை ஒற்றினால் கல்லின் முகம் கறுப்பாகவும் எழுத்து வெண்மையாகவும் தோன்றும். கல் உடைந்து போயினும் தாள் பேசும்.

இவையெல்லாம் அறிஞரும் அரசாங்கமும் செய்த பணி. கோயிற் கோபுரத்தைப் படமெடுக்கப் பலர் உளர். தெருவில் விடியற்காலையிற் பாவு நீட்டி நிற்கும் நெசவாளரையும், சாவடியில் அமர்ந்த பஞ்சாயத்தாரையும், மண்டபப் பள்ளியின் பிள்ளைகளையும் காட்டும் படங்களோ நம் வீட்டுப் பெட்டிகளில்தான் உள. வெள்ளையடிக்கும்போதும் வீடு மாற்றும்போதும் அவை பழைய தாளோடு கழிகின்றன. கழிப்பவரைக் குறைகூறிப் பயனில்லை. பெயர் தெரியாத முகங்களை எவர்தாம் எத்தனை நாள் காப்பர்?

மீன் பொறித்த தூண்

எங்கள் படத்திலுள்ள மண்டபத் தூணொன்றில் மீன் ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. அதனையே அடையாளமாகக் கொண்டு, சென்ற விடுமுறையில் நண்பர் ஒருவரோடு மிதிவண்டியிற் புறப்பட்டேன். பாட்டனார் பணிபுரிந்த ஊரில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மண்டபம் நின்றது. தூண்கள் மீது சுண்ணாம்பு தடித்திருந்தது. கையால் தடவிப் பார்த்தபோது மூன்றாம் தூணில் மீனின் வால் தட்டுப்பட்டது.

மண்டபத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், “என்ன தம்பி தேடுகிறாய்?” என்று வினவினார். படத்தை நீட்டினேன். அவர் அதனை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்னர், “வாத்தியார் வீட்டுப் பிள்ளையா நீ?” என்று கேட்டு, இரண்டாம் வரிசையின் ஓரத்தில் இருந்த சிறுவன் மேல் விரலை வைத்து, “இது நான்தான்” என்றார். தம் சிறுவயதுப் படம் ஒன்றையும் அவர் அதற்குமுன் கண்டதில்லையாம். அன்று அவர் சொல்லப் பதினொரு பெயர்களை எழுதிக்கொண்டேன். அவர் அழைத்து வரச் செய்த மூதாட்டியார் ஒருவர் மேலும் ஆறு பெயர்களைக் கூறினார். பதினேழு முகங்கள் பெயர் பெற்றன. பதினான்கு இன்னும் எஞ்சியுள்ளன. ஆயா கூறியவற்றுள் எழுதாது விட்டவை அவற்றுள் எவை என்று நான் அறியேன்.

நாம் செய்யத்தக்கன

நண்பர்காள்! விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒவ்வொருவரும் செய்யக்கூடிய பணி இது. இதற்குப் பொருட்செலவும் பெரும்புலமையும் வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை முதியோர் முன் வையுங்கள். வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேளுங்கள். ஊர், ஆண்டு, பின்னால் தோன்றும் கட்டடம், பெயர் கூறியவர் யார் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடவரை மட்டும் கேட்டு அமையாமல் பெண்டிரையும் கேளுங்கள். பிள்ளைகளின் பெயரை அவர்களே நன்கு நினைவில் வைத்துள்ளனர். படத்தின் பின்புறம் மையால் எழுதற்க. மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுக. ஒட்டுத் தாளால் ஒட்டற்க. சாளர வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியால் ஒரு படி எடுத்துக்கொள்க. ஊர் மண்டபத்தில் எழுத்து இருக்கக் கண்டால் அதனைச் சுரண்டற்க, சுண்ணம் பூசவும் விடற்க; கல்வெட்டுத் துறையினர்க்கு ஓர் அஞ்சல் எழுதுக.

எம் தெருவிற் பாவு பிணைக்கும் பெண்டிரை நாடோறும் காண்கின்றேன். தறியிற் பழைய பாவு முடியும் நேரத்தில், புதிய பாவின் இழைகளை அதனோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று விட்டுப் போயினும் அவ்விடத்தில் துணி பழுதுபடும். ஆகலின் அவர்கள் விரையார். எழுந்து போகவும் ஒருப்படார்.

“நாளைக்கு எழுதிக்கொள்கிறேன்” என்று நான் கூறியதுபோல் நீங்கள் கூறாதிருப்பீராக.